தலையணைப் பொங்கல்

மார்கழி பிறந்துவிட்டால், மலாக்கா டவுனில் ஹனிபாவின் ஜவுளிக்கடைக்குச் சேலை எடுக்க வருகிறவர்கள் கடைப் பையன் கணேசமூர்த்தியின் பொங்கல் கதையைக் கேட்காமல் வெளியேற முடியாது. சேலையை உதறிக் காட்டும்போதே ஆரம்பித்துவிடுவான். நியாலாஸ் பக்கம் பன்னிரண்டாம் கட்டை ரப்பர் தோட்டத்தில் அவன் சிறுவனாக இருந்தபோது வந்த ஒரு பொங்கல். முதல் நாள் முழுக்க மழை. விடிந்ததும் வெயில். தொழிலாளர் வரிசை வீடான லயத்து வாசலில் மூன்று கல் கூட்டி அம்மா பானை வைக்கிறாள். பிள்ளைகள் பால்வாளிகளைக் கவிழ்த்துப் போட்டுக் குச்சியால் அடிக்கிறார்கள். நுரை கிளம்பிப் பானையின் கழுத்தைத் தாண்டி வழிகிறது. அப்புறம் அந்த ருசி. ருசிக்கு வந்ததும் கண்ணை மூடிக்கொள்வான். வாடிக்கையாளர் அந்த இடைவெளியில் நழுவிவிடுவார்.

இருபத்திரண்டு வயதுக்காரன் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் மாதிரி பழங்கதை பேசுவது ஹனிபாவுக்குப் பொறுக்கவில்லை.

“தம்பி, போன வாரம் வாளி ரெண்டுன்னே. இன்னிக்கி நாலு. பெருநாள் வரைக்கும் உட்டா பேண்டு வாத்தியமே வந்துரும்லா.”

“நீங்க அந்த அரிசியத் தின்னிருக்கணும் மாமா. இங்க பசார்ல விக்கிறதெல்லாம் ஒரு அரிசியா?”

“அதத் தின்னுதான் நீ இவ்ளோ பேசுறே.”

அது ஐம்பத்தேழாம் ஆண்டு. ஆகஸ்டில் சுதந்திரம் என்று டவுனில் எல்லாரும் பேசிக்கொண்டார்கள். டவுனும் கடலோரமும் கம்யூனிஸ்டு நடமாட்டம் ஓய்ந்த வெள்ளைப் பகுதி என்று அறிவிக்கப்பட்டு, அரிசியும் சீனியும் இஷ்டப்படி வாங்கலாம் என்று ஆகிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. பன்னிரண்டாம் கட்டை மட்டும் இன்னும் கறுப்பிலேயே இருந்தது. லயத்தைச் சுற்றி முள்கம்பி. கேட்டில் காவல். காட்டில் ஒளிந்து போரிட்ட கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு மணி அரிசி போய்விடக் கூடாது என்பதற்காக, கம்பிக்குள்ளே எந்த வீட்டிலும் வேகாத அரிசி இருக்கக் கூடாது என்று சட்டம். தோட்டமே ஒரு கொட்டகை போட்டு, அண்டாவில் சோறாக்கி, தலைக்கு இத்தனை அகப்பை என்று அளந்து கொடுத்தது. சோறு மறுநாள் ஊசிப்போகும், காட்டுக்குப் போய்ச் சேராது. ஆகவே அரிசி குற்றவாளி, சோறு நிரபராதி. பெரிய படிப்புப் படித்தவர்கள் உட்கார்ந்து யோசித்த ஏற்பாடு.

போகிக்கு முதல் நாள், கடையின் பின்கட்டில் மூர்த்தி இலவம்பஞ்சுத் தலையணை ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தான். ஹனிபா எட்டிப் பார்த்தார்.

“யாருக்குடா?”

“அப்பாவுக்கு மாமா. கழுத்து வலிக்குதுன்னாரு.”

ஹனிபா தலையணையைக் கையில் வாங்கி எடை பார்த்தார். நாற்பது வருஷமாகத் துணியும் பஞ்சும் தூக்கிப் பழகிய கை. திருப்பிக் கொடுத்தார். வாசல்வரை போய்த் திரும்பி வந்தார்.

“ஒன்னோட ஆசைக்கு ஒங்கப்பன உள்ள அனுப்பிராதே தம்பி. அவ்வளவுதான் சொல்லுவேன்.”

தலையணைக்குள் இரண்டு பால் டப்பா அளவு பச்சரிசி இருந்தது.

*

மறுநாள் மத்தியானம் தோட்டத்து கேட்டில் ஸ்பெஷல் கான்ஸ்டபிள் யூசோப் நின்றிருந்தார். பக்கத்துக் கம்பத்து மலாய்க்காரர். தமிழர்களோடு பழகிப் பழகித் தமிழில் திட்டவும் கற்றுக்கொண்டவர். மூர்த்தியின் பையைக் கொட்டிப் பார்த்தார். அப்பாவுக்கு வேட்டி, அம்மாவுக்குச் சேலை, கரும்பு ஒரு துண்டு. எல்லாவற்றையும் திருப்பிப் போட்டுவிட்டுத் தலையணையை அமுக்கினார்.

“கெராஸ் லா, மூர்த்தி. கல்லு மாதிரி.”

“புதுப் பஞ்சு, பாங். படுக்கப் படுக்க எளகிரும்.”

யூசோப் மறுபடி அமுக்கினார். பின்னால் லாரி ஒன்று வந்து ஹாரன் அடித்தது. அவர் லாரியைப் பார்த்தார், தலையணையைப் பார்த்தார், பிறகு லாரியையே தேர்ந்தெடுத்தார்.

லயத்தில் அப்பா மாயாண்டியும் அம்மா முத்தாயியும் பால் நிறுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார்கள். இருவர் உடம்பிலும் ரப்பர் பாலின் புளித்த வாடை. கொட்டகைச் சோறு தூக்குச்சட்டியில் ஆறிக் கிடந்தது. அதோடு நெத்திலிச் சம்பல், வேலியோரத்துக் கீரை. மூர்த்தி மூன்று மாதத்துக்குப் பிறகு வந்திருக்கிறான் என்பதற்காக முத்தாயி தன் பங்கிலிருந்து ஒரு கை அள்ளி அவன் தட்டில் போட்டாள். அவன் அதைக் கவனிக்கவில்லை. வாசலில் முறத்தில் காய்ந்துகொண்டிருந்த வெள்ளையான எதையோ பார்த்துக்கொண்டிருந்தான்.

“என்னம்மா அது?”

“மரவள்ளி. சீவிக் காயவச்சு இடிச்சிருக்கேன். நாளைக்குப் பொங்க வேண்டாமா?”

“மரவள்ளியிலயா பொங்கல்?”

“பின்ன? கொட்டகைச் சோத்தப் போட்டா பொங்க முடியும்? மரவள்ளி நம்ம பாத்தியில வெளஞ்சது, அதுக்குச் சட்டம் இல்ல.”

மூர்த்தி உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான். நாளைக்குக் காலையில் பானை கொதிக்கும்போது, எல்லார் கண்ணும் விரிய, தலையணையைப் பிரித்து அரிசியைக் கொட்டுவதாக அவன் மனத்தில் ஒரு காட்சி தயாராகியிருந்தது. அதில் அவன் நடுவில் நின்றான்.

காட்சிக்கு இடையூறாக மாயாண்டி சாப்பிட்டதும் தலையணையைப் போட்டுப் படுத்தார். புரண்டார். எழுந்து உட்கார்ந்தார். தலையணையைக் காதோரம் வைத்து ஆட்டினார். அரிசி அரிசியின் சத்தத்தைத்தான் போட்டது.

“முத்தாயி, கதவச் சாத்து,” என்றார் மெதுவாக.

தையலைப் பிரித்ததும் பாயில் அரிசி சரிந்தது. வெளியே யாரோ விறகு பிளக்கும் சத்தம் கேட்டது.

“மேல லயத்து வீரமுத்து,” என்றார் மாயாண்டி, “ஒரு டப்பா அரிசிக்கு உள்ள போனான். போன வருசம். இன்னும் வரல. அவன் பொஞ்சாதி புள்ளைங்கள லயத்த விட்டே அனுப்பிட்டாங்க. தெரியுமில்ல?”

“தெரியும்ப்பா.”

“தெரிஞ்சுதான் கொண்டாந்தியா?”

“பழைய மாதிரி ஒரு பொங்கல் வைக்கணும்னு…”

“ஜெயில்ல பச்சரிசிச் சோறு போடுறானான்னு நாளைக்குப் போயிப் பாத்துச் சொல்றேன். இந்தத் தலையணையையும் கொண்டு போறேன், கழுத்துக்கு நல்லது.”

“எந்தப் பழைய மாதிரிடா?” என்று கேட்டாள் முத்தாயி.

மூர்த்தி சொன்னான். மழை, வெயில், வாளி, நுரை. கடையில் சொல்வதைவிடச் சுருக்கமாகத்தான் சொன்னான். ருசிக்கு வந்தபோது முத்தாயி மாயாண்டியைப் பார்த்தாள். மாயாண்டி கூரையைப் பார்த்தார்.

“அது ஜப்பான்காரன் காலம்டா,” என்றாள் முத்தாயி.

“இருக்கட்டும். அதுக்கென்ன?”

“அப்ப அரிசி ஏது? நீ தின்னது மரவள்ளி. இதே மாதிரி குருணையா இடிச்சு, தேங்காப்பால்ல கொதிக்க உட்டேன்.”

“நுரை பொங்கிச்சே?”

“தேங்காப்பாலு பொங்காதா?”

“எங்கிட்ட ஏம்மா சொல்லல?”

“நீ கேட்டியா? ரெண்டு கை தின்னே, வாளிய அடிக்க ஓடிட்டே. நல்லாருக்குன்னு சொன்ன புள்ளைகிட்டப் போயி, இல்லடா அது கெழங்குன்னு சொல்லுவாங்களா?”

மலாக்கா டவுனில் பாதிப் பேருக்குத் தன் அரிசியின் ருசியைச் சொல்லி வந்தவன் பாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கிழங்கை அரிசியாக்கி ஒருத்தி அவனை ஏமாற்றியிருக்கிறாள். பதிமூன்று வருஷமாக அவன் அதற்காகப் பெருமைப்பட்டிருக்கிறான்.

“கக்கூஸ்ல கொட்டிரலாம்,” என்றார் மாயாண்டி.

“கொட்டுவீங்க.” முத்தாயி ஒரு கை அரிசியை அள்ளினாள். விரல் இடுக்கு வழியாக அது பாயில் விழுவதைப் பார்த்தாள். மறுபடி அள்ளினாள். “பச்சரிசியக் கையில தொட்டு எத்தன நாளாச்சு. நாளைக்குக் காலையில எல்லாரும் கொட்டகைக்குக் கூட்டுப் பொங்கலுக்குப் போனதும், நம்ம பானையில கொட்டிக் கொதிக்க உட்டுருவேன். வெந்துட்டா அது சோறுதானே.”

அப்போது கதவு தட்டப்பட்டது. “மாயாண்டி!” என்று தோட்டத்து ஆபீஸ் தலைமைக் குமாஸ்தா, பெரிய கிராணி ரங்கசாமியின் குரல்.

ரங்கசாமி கதவு திறக்கக் காத்திருக்கும் பழக்கமில்லாதவர். முத்தாயி தலையணை உறையை முந்தானைக்குள் வாங்குவதற்குள் கதவு திறந்துவிட்டது. மாயாண்டிக்குத் தோன்றியது ஒன்றுதான். அரிசியின் மேல் உட்கார்ந்துகொண்டார்.

ரங்கசாமி வெள்ளைக் கால்சட்டையும் இஸ்திரி போட்ட சட்டையுமாக நின்றார். தோட்டத்து உணவுக் கட்டுப்பாட்டுக் குழுவின் செயலாளர், தமிழர் திருநாள் கூட்டுப் பொங்கல் விழாவின் தலைவர், அதன் வரவேற்புரையாளர், நன்றியுரையாளரும் அவரே. மாயாண்டி எழுந்திருக்கவில்லை. இந்த வேலைக்கு வந்த நாள் முதல் கிராணியைக் கண்டு அவர் எழுந்திருக்காதது இதுதான் முதல் தடவை.

“என்ன மாயாண்டி, ஒக்காந்தே இருக்கே?”

“இடுப்பு புடிச்சிக்கிச்சுங்கய்யா. எந்திரிச்சா விழுந்துருவேன்.”

“நாளைக்கு எல்லாரும் வந்துறணும். போலீஸ் துரை வர்றாரு. ஒரே பானை, ஒரே சமுதாயம்னு பேசப் போறேன்.”

“அகப்பையும் ஒன்னுதானுங்களா ஐயா?” என்று கேட்டாள் முத்தாயி.

“என்ன?”

“இல்லீங்க, ஆளுக்கு எவ்ளோன்னு கேட்டேன்.”

“விழாவுல வயித்தப் பத்திப் பேசப்படாது முத்தாயி.” மூர்த்தியைப் பார்த்தார். “டவுன் புள்ளையா? நீயும் வா. பேச்சக் கேளு. ஒனக்குப் பிரயோஜனப்படும்.”

அவர் போன பிறகு மாயாண்டி எழுந்தார். வேட்டியில் ஒட்டியிருந்த அரிசியை முத்தாயி ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். முதலில் சிரித்தது யார் என்று சொல்ல முடியாது. மூவரும் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரித்தார்கள்.

*

தை பிறந்தது. ஊரடங்கு நீங்கும் சங்கு ஊதியதும் முத்தாயி வாசலைக் கூட்டித் தெளித்து மூன்று கல் வைத்தாள். பானைக் கழுத்தில் மஞ்சள்கொத்து கட்டியிருந்தது. விறகு முந்தின வாரத்து மழையில் நனைந்த ரப்பர் விறகு. நெருப்பைவிடப் புகை நிறைய வந்தது. தேங்காய்ப்பாலும் மரவள்ளிக் குருணையும் கொதிவரப் பார்த்துக்கொண்டிருந்தன. அரிசி இன்னும் திரும்பத் தைத்த தலையணைக்குள்தான் இருந்தது. கொட்டகையில் மணி அடித்து, சனம் நகரக் காத்திருந்தாள்.

ஆனால் துரை சீக்கிரமே வந்துவிட்டார். விழாவுக்கு வந்தவரைச் சும்மா உட்கார வைக்கப் பிடிக்காமல், “நம்ம லயத்தின் ஒழுங்கைப் பார்க்கிறீர்களா?” என்று ரங்கசாமியே இங்கிலீஷில் கேட்டுவைத்தார். துரை இளம் வயது வெள்ளைக்காரர். பார்ப்பது என்றால் அவருக்குச் சோதனை போடுவது. யூசோபைக் கூட்டிக்கொண்டு முதல் வீட்டில் நுழைந்தார். விசில் சத்தம் கேட்டது. இவர்கள் வீடு நாலாவது.

மாயாண்டி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். “பாயக்கூட உதறிப் பாப்பானுங்க,” என்றார்.

முத்தாயி உள்ளே போனாள். தலையணையோடு வந்தாள். முதுகால் மறைத்துக்கொண்டு தையலைப் பிரித்து அரிசி அவ்வளவையும் பானையில் கவிழ்த்தாள். கொதி வந்துகொண்டிருந்த பானை பொசுக்கென்று அடங்கிப்போனது.

“ஊதுடா,” என்றாள்.

கணேசமூர்த்தி பிறந்து இந்த வயதுவரை அடுப்பு ஊதியதில்லை. அவன் நினைவிலிருந்த பொங்கல்களில் அடுப்பு தானாகவே எரிந்தது. மண்டியிட்டு ஊதுகுழலை வாயில் வைத்தான். புகை முழுவதும் அவன் கண்ணுக்குள் வந்தது. இருமினான், ஊதினான், மறுபடி இருமினான்.

பக்கத்து வீட்டு இருசம்மாள் எட்டிப் பார்த்தாள். பானைக்குள் பார்த்தாள். முத்தாயியின் முகத்தையும் பார்த்தாள்.

“எவ்ளோ நேரம் வேணும் முத்தாயி?”

“வேகுற நேரம்தான்க்கா.”

இருசம்மாள் ஓடினாள். துரை இரண்டாம் வீட்டைவிட்டு வெளியே வரும்போது, அவள் மூன்றாம் வீடான தன் வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்றாள். துரையைக் கிழக்கு முகமாக நிற்க வைத்தாள். அது தெற்கு என்று சந்தேகப்பட்டுத் திருப்பி நிறுத்தினாள். வலமாக மூன்று சுற்று, இடமாக மூன்று சுற்று. சூடம் அணைந்துவிட்டது என்று மறுபடி ஏற்றினாள். நெற்றியில் குங்குமம் வைத்தாள், கோணலாகிவிட்டது என்று துடைத்து வைத்தாள். கழுத்துக்கு மாலை இல்லாததால் கனகாம்பரச் சரத்தைத் தொப்பியில் சுற்றினாள். துரை சிரித்துக்கொண்டே நின்றார். தன் நாட்டில் அவரை இப்படி யாரும் மதித்திருக்க மாட்டார்கள்.

“ஐயா, பெரிய கிராணிக்கும் சுத்தணுமில்ல?” என்றாள் இருசம்மாள்.

ரங்கசாமி மறுக்கவில்லை. மரியாதை என்று வந்தால் அவர் எதையும் மறுத்ததில்லை.

நெருப்பு பிடித்துக்கொண்டது. பானை முனகியது. துரையும் ரங்கசாமியும் யூசோபும் நாலாவது வாசலுக்கு வந்தபோது நுரை கழுத்துவரை ஏறி, ஒரு பக்கமாக வழிந்து, கல்லில் விழுந்து சுர்ரென்றது. “பொங்கலோ பொங்கல்” என்று இருசம்மாள் தொடங்க, லயமே கத்தியது. ஏன் இவ்வளவு பலமாகக் கத்துகிறோம் என்று பாதிப் பேருக்குத் தெரியாது. துரை தொப்பியைக் கழற்றினார்.

யூசோப் உள்ளே போய்ப் பாயை உதறினார், பெட்டியைத் திறந்தார். தட்டையாகிவிட்ட தலையணையை எடுத்து அமுக்கினார். ஒரு நிமிஷம் வாசலில் இருந்த மூர்த்தியைப் பார்த்தார். புகையில் அவன் கண்கள் வீங்கிச் சிவந்திருந்தன. முகமெல்லாம் கரி. “எளகிருச்சு லா,” என்று சொல்லிவிட்டுத் தலையணையைப் பாயில் போட்டார்.

துரை பானையைக் காட்டி ரங்கசாமியிடம் ஏதோ கேட்டார். இது என்ன, வெந்ததா வேகாததா என்று. எட்டிப் பார்த்த ரங்கசாமியின் முகம் மாறியது. கிழங்குக் குருணைக்கு நடுவே நீள நீளமாகச் சுழன்று வந்தது எது என்று சோறு அளந்து பழகிய கண்ணுக்குத் தெரியாமல் போகாது. குழுவின் செயலாளர் வாயைத் திறந்தார்.

“நீங்களே பாத்துச் சொல்லுங்கய்யா,” என்று முத்தாயி அகப்பை நிறைய அள்ளி அந்த வாயிலேயே வைத்தாள்.

தோட்டத்தில் யாரும் அதுவரை கண்டிராத காட்சி. பெரிய கிராணி பேச முடியாமல் நின்றார். கண்ணில் தண்ணீர் வந்தது. மென்றார். பக்கத்தில் நின்ற மாயாண்டிக்கு நறுக்கென்று ஒரு சத்தம் கேட்டது. அரிசி நடுவில் வேகவில்லை. துப்பினால் அதுவே சாட்சி.

துரை மறுபடி கேட்டார். ரங்கசாமி மாயாண்டியைப் பார்த்தார். மாயாண்டியின் கை இன்னும் நிலையைப் பிடித்திருந்தது. ரங்கசாமி விழுங்கினார். தொண்டையில் அது இறங்குவது வெளியிலிருந்தே தெரிந்தது. பிறகு தலையை மேலும் கீழுமாக இரண்டு முறை ஆட்டினார். துரை அடுத்த வீட்டுக்குப் போனார்.

கூட்டுப் பொங்கல், துரைக்காகக் காத்திருந்து காத்திருந்து, அடிப்பிடித்துப் பசையாகிவிட்டது. ரங்கசாமியின் நாக்கு வெந்திருந்ததால் வரவேற்புரை நாலு வரியில் முடிந்தது. நன்றியுரை இல்லை. அத்தனை திருப்தியான விழா அந்தத் தோட்டத்தில் அதற்கு முன்னால் நடந்ததில்லை என்று சனம் பேசிக்கொண்டே முத்தாயி வாசலுக்குத் திரும்பி வந்து, நன்றாக வெந்த பொங்கலை ஆளுக்கு ஒரு வாய் வாங்கிக்கொண்டு போனது.

மத்தியானம் மூர்த்தி பைப்படியில் உட்கார்ந்து, தேங்காய்நாரும் சாம்பலும் வைத்துப் பானையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். ரங்கசாமி அந்த வழியாகப் போனார். மூர்த்தி எழுந்து நின்றான். காலையில் இருந்து அவரிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லத் தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தான்.

“ஐயா, நீங்க இல்லாட்டி எங்கப்பா…”

“நான் என்னா செஞ்சேன்?” ரங்கசாமி இரண்டு பக்கமும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். நாக்கு தடித்திருந்ததால் வார்த்தைகள் உருண்டு வந்தன. “நாக்கு வெந்துபோச்சு, பேச முடியல. அதான் தலைய ஆட்டுனேன். யாரு கேட்டாலும் அப்படித்தான் சொல்லணும். புரியுதா?”

“புரியுதுங்கய்யா.”

இரண்டடி நடந்துவிட்டு நின்றார்.

“ஒங்கம்மாகிட்டச் சொல்லு. கெழங்கு கொதிச்ச பொறகு அரிசியப் போட்டா வேகாது. அரிசிய மொதல்ல போடணும்.”

சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு ஆபீசைப் பார்த்துப் போனார். அவர் நடையில் ஒரு குறையும் இல்லை.

மூர்த்தி மறுபடி உட்கார்ந்தான். பானையின் அடியில் கறுப்பாகப் பிடித்திருந்தது லேசில் போவதாக இல்லை. இதையெல்லாம் அவன் சிறுவயதில் யாரோ தேய்த்திருக்க வேண்டும். அரை மணியில் உள்ளங்கை எரிந்தது.

“தேச்சது போதும்டா, பானை ஓட்டையாயிரும்,” என்று முத்தாயி வாசலிலிருந்து கூப்பிட்டாள். காலை நீட்டி உட்கார்ந்து, மடியில் இலையை வைத்துக்கொண்டு, எல்லாருக்கும் கொடுத்தது போக மிஞ்சியதை அப்போதுதான் சாப்பிட ஆரம்பித்திருந்தாள். மூர்த்தி கையைக் கழுவிக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தான். அம்மா பொங்கல் சாப்பிட்டு அவன் பார்த்ததாக ஞாபகம் இல்லை. நிதானமாக மென்று சாப்பிட்டாள். ஒவ்வொரு கவளத்தையும் வாய்க்குள் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள்.

“எப்படிம்மா இருக்கு?”

“வெல்லம் பத்தலடா.”

“பத்தல,” என்று ஒத்துக்கொண்டு, அவள் இலையிலிருந்தே ஒரு வாய் எடுத்துக்கொண்டான்.